துள்ளலும் பிரிவும்: மெல்லிசை மேடைப் பாடகர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் கல்யாண வரவேற்பு, கல்லூரி ஆண்டு விழா, கோயில் திருவிழா என்று எங்கே மேடை போட்டாலும் அங்கே வந்து பாடும் மெல்லிசைக் குழுக்களின் பாடகர்களுக்கும் பாடகிகளுக்கும், அவர்களுக்குத் துணையாகக் கீபோர்டும் கிதாரும் பேடும் தவிலும் வாசிக்கும் வாத்தியக்காரர்களுக்கும், உங்களைப் பல காலமாகக் கேட்டுவரும் ரசிகன் ஒருவன் வணக்கத்துடன் எழுதுவது.

உங்களுடைய சங்கடம் ஒன்றை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். விநாயகர் துதி முடிந்து, பழைய படங்களின் ஜோடிப் பாட்டுகள் இரண்டு மூன்று முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையும் கழுத்துமாக நின்று மொய்க் கவர்களை வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கூட்டத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு கைமாறிக் கைமாறி மேடைக்கு வந்து சேருகிறது. அதில் எழுதியிருப்பது அநேகமாக ஒரு காதல் தோல்விப் பாட்டின் பெயர்; அதுவும் கண்ணீர் விட்டுக் கேட்கும் பாட்டு அல்ல, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடும் பாட்டு. பேடில் முதல் அடி விழுந்ததுமே பிள்ளைகள் மேடைக்கு முன்னால் கூடிவிடுகிறார்கள். அதே கணத்தில் முன்வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, “மங்கள காரியத்திலே பிரிவைப் பாடலாமா தம்பி, நிறுத்துங்கள்” என்கிறார். சீட்டு அனுப்பியவர்களின் உற்சாகத்தையும் கெடுக்க மனமில்லாமல், பெரியவரின் சொல்லையும் தட்ட முடியாமல், பாதிப் பல்லவியிலேயே வேறொரு பாட்டுக்கு நீங்கள் தாவுகிறீர்கள். அப்போது உங்கள் முகத்தில் தெரியும் வாட்டம், ஏதோ தகாத காரியத்தைச் செய்து பிடிபட்டவர்களின் வாட்டமாக இருக்கிறது. அப்படி வாட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை என்று சொல்லவும், அதோடுகூட ஒரு காரியத்தை உங்களிடம் கேட்கவுமே இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

பெரியவர்கள் சொல்லும் ஆட்சேபம் இரண்டு வகை. பிரிவைப் பற்றிய பாட்டு அமங்கலம் என்பது ஒன்று. துக்கத்தைத் துக்கமாகவே பாடவேண்டுமேயல்லாது ஆட்டம் போட்டுப் பாடுவது மனத்தின் ஆழமின்மையைக் காட்டுகிறது என்பது மற்றொன்று. 1953ஆம் ஆண்டு வெளிவந்த ‘தேவதாஸ்’ படத்தில் நாகேஸ்வர ராவுக்காகக் கண்டசாலா பாடியதைக் கேட்டு வளர்ந்த தலைமுறையும், அதைச் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறையும், காதல் முறிந்தவன் பாடினால் இப்படித்தான் பாடவேண்டும் என்று ஒரு முடிவுக்கு வந்திருப்பதில் ஆச்சரியமில்லை. அந்தக் குரலின் கனத்துக்கு இன்றும் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அழுது பாடுவது ஒன்றே நம்முடைய சம்பிரதாயம், துள்ளிப் பாடுவது நேற்று வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள இயலாது.

ஊடலையும் பிரிவையும் பாடுவதற்கு ஏற்ற பா எது என்று தொல்காப்பியர் யோசித்தபோது, அகப்பொருளுக்கு உரியவை கலியும் பரிபாட்டும் என்று விதித்தார். அந்தக் கலிப்பாவுக்கு இலக்கணிகள் வகுத்துத் தந்த ஓசையோ துள்ளலோசை. செப்பலும் அகவலும் தூங்கலும் கையருகே இருக்க, பரத்தை வீட்டுக்குப் போய்வந்த கணவனை மனைவி வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும் காட்சியைக் கன்று துள்ளுவதுபோன்ற அந்த ஓசையில் பாடிய நம் முன்னோர், துக்கத்தின் ஆழம் தெரியாதவர்களா? கலித்தொகையில் மருதன் இளநாகனார் பாடியவையாக வரும் மருதக்கலி முப்பத்தைந்தையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அங்கே கோபம் இருக்கிறது, அவமானம் இருக்கிறது, கண்ணீரும் இருக்கிறது. ஆனால் எல்லாம் நடந்துகொண்டே, பேசிக்கொண்டே, ஒருவர் சொல்லை மற்றவர் பிடித்துத் திருப்பிக்கொண்டே போகின்றன. திருவள்ளுவரும் 133 அதிகாரங்களை எழுதிச் சென்றவர், கடைசி அதிகாரத்துக்கு ஊடலுவகை என்றல்லவா பெயர் வைத்தார்! ஊடல் உணவில் உப்பைப் போல என்று அவரே சொல்லி, அளவு மிஞ்சுவதையும் எச்சரித்திருக்கிறார்.

ஏட்டில் இருப்பது போகட்டும். அமங்கலம் என்று சொல்பவர்களை, வேறெங்கும் போகவேண்டாம், காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்குப் பங்குனி உத்திரத்தன்று வரும்படி நான் அழைப்பேன். பங்குனி மாதத்து ஆதிபிரம்மோற்சவத்தில் ஆயில்யத்தன்று நம்பெருமாள் காவிரியைத் தாண்டி உறையூருக்கு எழுந்தருளி, சோழ ராஜகுமாரியாகப் பிறந்த கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி சேவை சாதித்துவிட்டுத் திரும்புகிறார். படிதாண்டாப் பத்தினி என்று ஊரெல்லாம் போற்றும் ஸ்ரீரங்கநாச்சியார் தம்முடைய சந்நிதியைவிட்டு வெளியே வருவதில்லை. செய்தி மட்டும் உள்ளே வந்து சேர்ந்துவிடுகிறது. உத்திரத்தன்று, அந்த நாள் முழுவதும் சேர்ந்திருப்பதற்காகத் தாயார் சந்நிதி வாசலுக்கு வரும் பெருமாளின் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படுகிறது. ஏடுகளில் பிரணய கலகம் என்றும் ஊரார் வாயில் மட்டையடி என்றும் வழங்கும் உற்சவம் இதுதான்.

அந்த இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு உயிரோட்டமுள்ள காட்சி என்று. ஸ்ரீபாதந்தாங்கிகள் பல்லக்கை வாசல் நோக்கி வேகமாகக் கொண்டுவருகிறார்கள், கதவு மூடுகிறது, அடிபட்டாற்போலப் பல்லக்கு பின்னுக்குப் போகிறது, மறுபடியும் முன்னே வருகிறது, மறுபடியும் திருப்பி அனுப்பப்படுகிறது. உள்ளேயிருந்து பூவும் பழமும் பறந்து வருகின்றன. வாழை மட்டையும் வருகிறது. கூட்டம் கைதட்டுகிறது, சிரிக்கிறது, பெண்பிள்ளைகள் வெளிப்படையாகத் தாயார் கட்சியில் சேர்ந்துகொள்கிறார்கள். பிறகு இரு தரப்பு வசனங்களும் வாசிக்கப்படுகின்றன. கண் ஏன் சிவந்திருக்கிறது, திருமேனியில் கீறல் எப்படி வந்தது, கஸ்தூரித் திலகம் ஏன் கலைந்திருக்கிறது என்று தாயார் தரப்பில் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். குதிரையேறி இரவெல்லாம் சுற்றிய கண்விழிப்பு, காட்டுச் செடிகளின் கீறல், வெயிலின் வியர்வை என்று பெருமாள் தரப்பில் காரணங்கள் வருகின்றன. ஒன்றும் எடுபடாதபோது, சமுத்திரத்தில் மூழ்கிச் சத்தியம் செய்கிறேன், பாம்புக் குடத்தில் கைவிடுகிறேன், நெய்க்குடத்தில் கைவிடுகிறேன் என்கிறார் பெருமாள். சமுத்திரம் தேவரீருக்குப் படுக்கையறை, பாம்பு தேவரீருக்குப் படுக்கை, நெய்யோ ஆயர்பாடியில் களவாடிப் பழகியது, இவற்றைத் தொட்டுச் செய்யும் சத்தியத்தை எப்படி நம்புவது என்று பதில் வருகிறது. உலகத்தையெல்லாம் அளந்தவனை வார்த்தையால் மடக்கி வாசலில் நிறுத்திவைத்திருக்கும் அந்த நியாயத்தின் அழகை நான் எத்தனை முறை கேட்டாலும் அலுப்பதில்லை.

கடைசியில் நம்மாழ்வார் எழுந்தருளி சமாதானம் செய்துவைக்கிறார். இந்தத் தூதுக்கு ஆழ்வார்களில் அவரைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவருடைய மதிநுட்பத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஏனெனில் திருவாய்மொழி ஆறாம் பத்தில் இரண்டாம் திருமொழியாக, தலைவியின் நிலையில் நின்று பெருமானைப் ‘போ’ என்று விரட்டியவரே நம்மாழ்வார்தான். உனக்கு வேண்டியவர்கள் வேறிடத்தில் காத்திருக்கிறார்கள், அங்கே போய்க்கொள், போகும்போது என் விளையாட்டுப் பந்தையும் கழலையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ என்று அந்தப் பெண் சொல்கிறாள். உறவு முறிந்தவுடன் கொடுத்த பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம், கைப்பேசிக் காலத்துப் பிள்ளைகளின் பழக்கம் என்று எண்ணியிருந்தவர்கள் அந்தப் பாசுரத்தை ஒருமுறை சேவித்து வரட்டும். ஊடலின் வேகத்தை முழுவதும் தாமே பாடித் தீர்த்தவர் என்பதனாலேயே சமாதானம் பேசும் தகுதி அவருக்கு வாய்த்தது. அந்தச் சமாதானத்துக்குப் பிறகு வரும் சேர்த்தியில்தான் ராமாநுஜர் கத்யத்ரயத்தை விண்ணப்பித்தார் என்பது வைஷ்ணவ சம்பிரதாயம். சரணாகதியின் உச்சமான வாக்கு பிறந்த அதே நாளில், அதே வாசலில், அதற்குச் சற்று முன்னால்தான் கதவடைப்பும் மட்டையடியும் நடக்கின்றன. அதை ஒருவரும் அபசகுனம் என்று சொல்லி நிறுத்தியதில்லை.

இதைக் கேட்டு, “அது ஊடல் ஐயா, சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும், பிள்ளைகள் ஆடுவதோ திரும்பிச் சேராத பிரிவுக்கு” என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான கேள்விதான். சிலப்பதிகாரத்தின் கானல்வரியை அவருக்குப் பதிலாக வைப்பேன். இந்திரவிழா முடிந்து புகாரின் கடற்கரையில் கோவலனும் மாதவியும் இருக்கும்போது, அவன் யாழை வாங்கிப் பாடுகிறான். வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறான் என்று அவள் எண்ணி, யாழைத் தான் வாங்கி, வேறொருவனை நினைப்பவள்போலப் பாடுகிறாள். அத்தோடு எல்லாம் முடிந்தது, அவன் எழுந்து போய்விட்டான். தமிழில் ஒரு பாட்டினாலேயே நிகழ்ந்த பிரிவு இது. அந்தப் பாட்டுகளின் சந்தமோ அலை வந்து வந்து மோதுகின்ற குதூகலமான சந்தம். அதன் பிறகு கோவலன் மனைவியோடு மதுரைக்குப் புறப்பட்டு, காவிரிக் கரையோடு நடந்து, திருவரங்கத்துச் சோலையில் தங்கி, ஓடத்தில் ஆற்றைக் கடந்து உறையூர் வந்து சேர்ந்தது நம்முடைய மண்ணில்தான். நீங்கள் இரவு கச்சேரி முடித்து வேனில் ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டு வரும் வழியும் ஏறக்குறைய அதுவே.

சங்கீத வித்வான்களுக்கும் இது தெரியாததல்ல. க்ஷேத்ரய்யரின் பதம் ஒன்றில், வேறொருத்தி வீட்டுக்குப் போக வேண்டியவர் வழிதவறி இங்கே வந்துவிட்டீர்போலும், அவள் வீடு அடுத்த தெருவில் இருக்கிறது என்று நாயகி மிகுந்த மரியாதையோடு அவனை வெளியே அனுப்புகிறாள். அதற்கு அமைந்த ராகம் சுருட்டி. மங்களம் பாடுவதற்கு உரியதென்று நாம் வைத்திருக்கும் ராகம்.

நம்மூர்க் கலைஞர்களின் கைவண்ணத்தையும் இங்கே நினைக்கவேண்டும். 1950இல் வெளிவந்த மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’யில், திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாட, நிலவொளியில் கணவனும் மனைவியும் மலையேறிப் போகும் அந்தப் பாட்டைக் கேட்காத தமிழர் யார்? பிச்சாண்டார்கோவிலில் பிறந்த ஜி. ராமநாதன் அதற்கு அமைத்த மெட்டு, உல்லாசமே உருவெடுத்தாற்போன்ற மெட்டு. ஆனால் கணவன் அவளை உச்சிக்கு அழைத்துப்போவது தள்ளிக் கொல்வதற்காக. அதை உணர்ந்துகொண்ட மனைவி அவனைச் சுற்றிவருவதாகச் சொல்லி அவனையே தள்ளிவிடுகிறாள். குண்டலகேசியின் கதையை அடியொற்றி எழுந்த அந்தக் கட்டத்துக்கு ஒரு சோக ராகத்தைப் போட்டிருந்தால், நாம் ‘ஐயோ’ என்று சொல்லிவிட்டு மறந்திருப்போம். மெட்டு சிரித்துக்கொண்டே போனதனால்தான், கதை தெரிந்த பிறகு ஒவ்வொரு முறையும் அந்தச் சிரிப்பு நெஞ்சை அறுக்கிறது. சொல் ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமும் இழுக்கும்போது, கேட்பவன் சும்மா இருக்க முடியாமல் நடுவில் வந்து நின்று இரண்டையும் தானே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. துள்ளல் மெட்டில் வரும் பிரிவுப் பாட்டின் கவர்ச்சிக்கு இது ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

மற்றொரு காரணம் இன்னும் எளியது. அதை உங்கள் மேடைக்குக் கீழே நின்று பார்த்தே நான் கற்றுக்கொண்டேன். நம்முடைய சமூகத்தில் ஆண்பிள்ளை பிறர் முன்னால் அழக்கூடாது என்று சிறுவயதிலேயே சொல்லிவைத்துவிடுகிறோம். பெண் வேறிடத்தில் நிச்சயமாகிப் போய்விட்டாள் என்ற செய்தியை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய், பல் தேய்த்து, சாப்பிட்டு, வண்டி ஓட்டி, ஒருவரிடமும் வாய்திறக்காமல் இருக்கும் இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு, அதை நாலுபேர் நடுவில் சொல்லிக்கொள்ள நாம் விட்டுவைத்திருக்கும் ஒரே வழி, தாளத்தோடு சொல்வதுதான். மெதுவான சோகப்பாட்டைத் தனியே, கதவைச் சாத்திக்கொண்டு கேட்கவேண்டியிருக்கிறது. துள்ளல் பாட்டுக்கோ தோள் கொடுக்க ஆள் வேண்டும், கைதட்ட ஆள் வேண்டும். உங்கள் மேடைக்கு முன்னால் ஆடுகிறவர்களில் உண்மையாகவே மனம் உடைந்தவன் யார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். அவன் அவ்வளவு நன்றாக ஆடுவதில்லை, அவனைச் சுற்றியிருப்பவர்கள்தான் அவனை விடாமல் பிடித்து ஆடவைக்கிறார்கள். மானம் போகாமல் துக்கத்தை வெளியே விடுவதற்கு இதைவிட நல்ல உபாயத்தை நான் அறியேன்.

இந்த வகைப் பாட்டுகளுக்குள் உலகத்தின் கவனத்தைப் பெற்றது, 2011 நவம்பர் 16ஆம் தேதி வெளியான ‘ஒய் திஸ் கொலவெறி டி’ என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அநிருத் என்ற இளைஞர் இசையமைத்த முதல் படம் ‘3’. அதற்காகத் தனுஷ் தாமே எழுதித் தாமே பாடிய பாட்டு. படம் வெளிவந்ததோ அடுத்த ஆண்டு மார்ச் 30இல். அதற்குள் தமிழே தெரியாத ஊர்களிலெல்லாம் அதை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். அரைகுறை ஆங்கிலத்தைக் கேலிக்குரியது என்று அப்போது கண்டித்தவர்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துக்கத்தில் இருப்பவனுக்குச் சொல் சரியாக வராது. கைக்கு எட்டிய சொல்லையெல்லாம் எடுத்துத் தட்டுத்தடுமாறி அடுக்கிக்கொண்டே போவான். அந்தத் தடுமாற்றத்தையே பாட்டின் இலக்கணமாக ஆக்கிக்கொண்டதுதான் அதன் சாமர்த்தியம். வேகமும் அவ்வளவாக இல்லை; நிதானமாக, தலையை ஆட்டிக்கொண்டு பாடக்கூடிய நடை. தொண்டைப் பயிற்சி இல்லாதவனும் பாடலாம் என்று அது எல்லோரையும் உள்ளே அழைத்துக்கொண்டது. கல்லூரி மேடைகளில், சுருதி சேராத நூறு குரல்கள் ஒன்றாகச் சேர்ந்து அதைப் பாடுவதைக் கேட்டால் அந்த அழைப்பின் பலம் விளங்கும்.

ஆனால் அந்தப் பாட்டின் தலைப்பிலேயே ஒரு பெண்ணைக் கூப்பிடும் ‘டி’ இருக்கிறது. கூப்பிட்ட குரலுக்கு அவள் பதில் சொல்கிற இடம் பாட்டில் எங்கேயும் இல்லை. என் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. ‘கொலவெறி’யாவது தன்னிரக்கத்தோடும் சிறுபிள்ளைத்தனமான நகையோடும் நின்றுவிட்டது. அதே மாதத்தில் வெளிவந்த ‘மயக்கம் என்ன’ படத்தில் அதே தனுஷ் பாடிய ஒரு பாட்டு, அவளை அடிக்கவே ஏவுகிறது. அதற்குப் பிறகு, காதலில் தோற்றவன் புலம்புவதாக வந்த எத்தனையோ ‘சூப்’ பாட்டுகளில் போனவள் வஞ்சகி, பணத்தைப் பார்த்தவள், வெளித்தோற்றத்தில் மயக்கியவள் என்று வசைகள் நீண்டுகொண்டே போகின்றன. சிநேகிதர்கள் சுற்றிநின்று ஆமாம் போடுகிறார்கள். அவள் ஏன் போனாள்? வீட்டில் என்ன சொன்னார்கள்? இவன் அவளுக்கு என்ன செய்யத் தவறினான்? இவற்றை ஒரு சரணத்திலாவது கேட்கும் பாட்டை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது பழையவற்றைத் திரும்பிப் பாருங்கள். மருதக்கலியில் அவள் பேசினால் அவனும் பேசுகிறான். கானல்வரியில் யாழ் கைமாறுகிறது. தாயார் சந்நிதி வாசலில் இரு தரப்புக்கும் வசனம் உண்டு; அதிலும் கூர்மையான வசனமெல்லாம் தாயாருக்குத்தான். ‘மந்திரி குமாரி’யில்கூட ஜிக்கியின் குரல் லோகநாதனின் குரலுக்கு இணையாக வந்துகொண்டே இருக்கிறது. கோபத்தையும் நிராகரிப்பையும் துள்ளலோடு சொல்லும் உரிமையைப் பெரும்பாலும் பெண்ணின் வாயில் வைத்தவர்கள் நம் முன்னோர். அந்த உரிமை எப்போது ஆண்பிள்ளையின் கைக்கு முழுவதுமாக வந்து சேர்ந்தது, பெண் எப்போது ஊமையாக்கப்பட்டாள் என்பது ஆராய்ச்சிக்குரியது. ஆனால் அப்படி ஆகிவிட்டதனால் பாட்டின் சுவையே பாதி குறைந்துபோனது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எதிரே ஆள் இருந்து பதில் சொல்லும்போதுதான் சண்டையில் நகைச்சுவை பிறக்கும். ஆள் இல்லாத இடத்தில் வசை மட்டுமே மிஞ்சும்.

மேல்நாட்டார் இந்த வகையில் முதலிடம் கொடுத்துக் கொண்டாடும் பாட்டும் ஒரு பெண் பாடியதே. 1978இல் குளோரியா கேனர் பாடிய ‘ஐ வில் சர்வைவ்’, முதலில் இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் இடம்பெற்றது. நடன அரங்குகளில் தட்டுகளைச் சுழற்றுகிறவர்கள் தட்டைத் திருப்பிப் போட்டு அதையே வாசித்து முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேடையில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, உடலில் தாங்குபட்டை கட்டிக்கொண்டு வந்து அவர் அதைப் பாடினார் என்பது நினைக்கத்தக்கது. விட்டுப்போனவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அவள் அவனை வந்த வழியே அனுப்புகிறாள். பாட்டின் சாரம் அவ்வளவே. அதைப் படித்தபோது, கடல் கடந்த ஊரிலும் வாசலும் சாத்திய கதவும் இதே காரியத்துக்காக இருக்கின்றன என்று என் மனம் தாயார் சந்நிதிக்கு ஓடிற்று. அந்தப் பாட்டில் மட்டும் நம்மாழ்வார் வரவில்லை, கதவும் திறக்கவில்லை. அப்படியும் ஒரு முடிவு உண்டு, அதையும் ஆடிக்கொண்டே சொல்லலாம் என்பதற்கு அது சாட்சி.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. சீட்டு வரும்போது தயங்காமல் பாடுங்கள். ஆனால் உங்கள் குழுவில் இருக்கும் பாடகியைப் பாட்டு முடியும்வரை ஓரத்து நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள். ஒவ்வொரு பிரிவுப் பாட்டுக்கும் ஒரு எதிர்ப்பாட்டு கட்டுங்கள். இது ஒன்றும் புதிய வித்தை அல்ல. வயலில் நாற்று நடுகிறவர்கள் ஒரு வரிசை பாட மறு வரிசை எசப்பாட்டு பாடும் பழக்கத்தை உங்களில் பலருடைய பாட்டிமார் அறிந்திருப்பார்கள். காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து, டேப் வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு, இரவு முழுவதும் கேள்வியும் பதிலுமாகப் பாடும் லாவணி, காவிரிக்கரை ஊர்களில் தழைத்திருந்த கலை. காதலே எரிந்துபோயிற்றா என்ற வழக்கை இரு பக்கமும் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்த ஊர் ஜனங்களுக்கு இயல்பாகவே இருந்தது.

எதிர்ப்பாட்டை எழுத ஆள் வேண்டுமே என்று கேட்பீர்கள். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த வாலி எழுதவில்லையா? ராமகதையை ‘அவதார புருஷ’னாக எழுதிய அதே கை, 1994இல் ‘காதலன்’ படத்துக்கு முக்காபுலாவையும் எழுதிக்கொடுத்தது. பக்தியும் தெருவின் தாளமும் ஒரே பேனாவில் அவருக்கு இடைஞ்சல் இல்லாமல் இருந்தன. நம்முடைய கல்லூரிகளில் தமிழ் படிக்கும் பெண்களிடம் நாலு சரணம் கேளுங்கள். தங்கள் வயதுப் பையன்கள் ஆடும் பாட்டுகளில் தங்களுக்குச் சொல்லப்படும் வசைகளைக் கேட்டுக் கேட்டு, அவர்களிடம் பதில் தயாராகவே இருக்கும். அவர்களிடம் ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் வையுங்கள்: வசைக்கு வசை வேண்டாம், தாயார் தரப்பு வசனம் போல, எதிராளி சொன்ன சொல்லையே எடுத்து அவனை மடக்குவதாக இருக்கட்டும். பந்தையும் கழலையும் திருப்பிக் கேட்ட அந்தப் பெண்ணைப் போல, போனில் இருக்கும் படங்களையும் வண்டியில் மறந்துவிட்ட குடையையும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

பழக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பெண்குரல் வந்ததும் தாளத்தைத் தாழ்த்தி, கீபோர்டில் புல்லாங்குழல் ஒலியைக் கொண்டுவந்து, அவளுடைய பகுதியை மென்மையாக்கும் வழக்கம் மேடைகளில் இருக்கிறது. கேட்பவர்கள் அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யவேண்டாம். அவனுக்கு வாசித்த அதே வேகத்தில், அதே கனத்தில், தவிலும் பேடும் அவளுக்கும் ஒலிக்கட்டும். அவளுடைய பல்லவிக்கும் பிள்ளைகள் ஆடட்டும், பெண்பிள்ளைகளும் எழுந்து வந்து ஆடட்டும்.

இங்ஙனம்,
உங்கள் ரசிகன்,
திருச்சிராப்பள்ளி